ஒரே எடை, வேறு பொருள்: அந்தமான் கடலில் சிக்கும் போதைப்பொருளுக்கு ஆய்வகம் தரும் சாட்சியம்

புது தில்லி: அந்தமான் கடலில் 2024 நவம்பர் 23-ஆம் தேதி ரோந்து சென்ற இந்தியக் கடலோரக் காவல் படையின் டோர்னியர் விமானம், பேரன் எரிமலைத் தீவுக்கு அருகே ஐயத்துக்குரிய மீன்பிடிப் படகு ஒன்றைக் கண்டது. வேகத்தைக் குறைக்குமாறு விமானி எச்சரித்தார். அருகிலிருந்த ரோந்துக் கப்பல்கள் விரைந்தன. மறுநாள் அந்தப் படகு ஸ்ரீ விஜயபுரத்துக்கு இழுத்து வரப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட நகரம்தான் அது. படகிலிருந்த மியான்மர் நாட்டவர் 6 பேர் கைது செய்யப்பட்டனர். தலா 2 கிலோ எடையுள்ள சுமார் 3,000 பொட்டலங்கள், மொத்தத்தில் ஏறத்தாழ 6,000 கிலோ மெத்தாம்பெட்டமைன் சிக்கியதாக அறிவிக்கப்பட்டது. கடலோரக் காவல் படை ஒரே நடவடிக்கையில் அதுவரை இவ்வளவு பெரும் அளவைக் கைப்பற்றியதில்லை.

அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பு, 2019 செப்டம்பரில், கார் நிகோபார் அருகே மற்றொரு மியான்மர் படகு பிடிபட்டது. அதிலும் 6 பேர்தான் இருந்தனர். அப்போது கிடைத்தவை ஒரு கிலோ பொட்டலங்கள். 1,100 கிலோவுக்கும் மேல். அது மெத்தாம்பெட்டமைன் அல்ல, கேட்டமைன் என்று தெரிவிக்கப்பட்டது.

இரண்டும் வெண்ணிறப் பொருள்கள். தூளாகவும் படிகமாகவும் கிடைப்பவை. கண்ணால் பார்த்து இது இன்னது என்று எவராலும் கூற இயலாது. சமையலறைப் படிகாரமும் சீனியும் கூட அவ்வண்ணமே இருக்கும். அப்படியிருக்க, ஒரு பொட்டலத்தில் இருப்பது மெத்தாம்பெட்டமைனா, கேட்டமைனா, அல்லது எவருக்கும் தீங்கிழைக்காத வேறொரு மருந்தா என்பதை நீதிமன்றம் ஏற்கும் வகையில் கூறுவது யார்? எந்த அடிப்படையில்? குற்றம் சாட்டப்பட்டவர் 20 ஆண்டுகள் சிறையில் இருப்பதா, விடுதலையாகி ஊர் திரும்புவதா என்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்கான விடையைச் சார்ந்தே நிற்கிறது.

முதலில் நிறம், பிறகு எடை

பொருள் பிடிபட்ட இடத்திலேயே அதிகாரிகள் செய்வது நிறச் சோதனை. சிறு பெட்டி ஒன்றில் வைத்திருக்கும் வேதிக் கரைசலைச் சிட்டிகைத் தூளின் மேல் விட்டால் நிறம் மாறும். மார்க்விஸ் கரைசல் பட்டால் மெத்தாம்பெட்டமைன் ஆரஞ்சும் பழுப்புமாக மாறும். சைமன் கரைசலில் அது நீலமாகும். கேட்டமைனுக்கு வேறு கரைசல், வேறு நிறம். இது பொற்கொல்லரின் உரைகல்லைப் போன்றது. பழகிய கண்ணுக்குப் பயன் தரும். ஆனால் வேறு பல பொருள்களும் ஏறக்குறைய அதே நிறத்தைக் காட்டக்கூடும். எனவே இது ஐயத்தை எழுப்பும் சோதனையே அன்றி, முடிவைக் கூறும் சோதனை அன்று.

முடிவு ஆய்வகத்தில் பிறக்கிறது. அங்கே முதன்மையான கருவி 'மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்' எனப்படும் நிறைமாலைமானி. தராசில் வைக்க முடியாத மூலக்கூறு ஒவ்வொன்றையும் எடை போடும் கருவி என்று இதைச் சுருக்கமாகக் கூறலாம். களத்தில் நெல்லைத் தூற்றும்போது மணி அருகிலும் பதர் தொலைவிலும் விழுகின்றன அல்லவா? ஏறத்தாழ அதே உத்திதான். மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் தந்து, காற்றில்லாத குழாயில் மின்புலத்தாலோ காந்தப்புலத்தாலோ செலுத்தினால், கனமானவை ஒரு விதமாகவும் இலேசானவை வேறு விதமாகவும் பிரியும். எது எங்கே, எப்போது வந்து விழுந்தது என்பதிலிருந்து அதன் நிறை தெரிந்துவிடும்.

இந்தக் கருவியின் வரலாறு நூறாண்டுகளைக் கடந்தது. இங்கிலாந்தின் ஜே.ஜே. தாம்சன் நியான் வாயுவில் இரு வேறு எடையுள்ள அணுக்கள் இருப்பதைக் கண்டது 1912-13 வாக்கில். அவருடைய உதவியாளராக இருந்த ஆஸ்டன் 1919-இல் கருவியைச் செம்மைப்படுத்தி, 1922-இல் நோபல் பரிசு பெற்றார். எளிதில் சிதைந்துவிடும் பெரிய உயிரி மூலக்கூறுகளையும் சிதைக்காமல் எடை போடும் வழியைக் கண்டதற்காக அமெரிக்காவின் ஜான் ஃபென்னும் ஜப்பானின் கொய்ச்சி தனாகாவும் 2002-இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டனர். தனாகா முனைவர் பட்டம் பெற்றவர் அல்லர். ஒரு கருவி உற்பத்தி நிறுவனத்தின் பொறியாளர்.

கணக்கு எளியது. கார்பனின் எடை 12, ஹைட்ரஜன் 1, நைட்ரஜன் 14. மெத்தாம்பெட்டமைன் மூலக்கூறில் 10 கார்பன், 15 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன் உள்ளன. கூட்டினால் 149. பல கருவிகளில் மூலக்கூறுடன் ஒரு ஹைட்ரஜன் அயனி ஒட்டிக்கொள்வதால் திரையில் 150 என்று தோன்றும். கேட்டமைனில் 13 கார்பன், 16 ஹைட்ரஜன், தலா ஒரு குளோரின், நைட்ரஜன், ஆக்சிஜன். கூட்டினால் 237, திரையில் 238.

கேட்டமைன் தன்னை வேறொரு விதத்திலும் காட்டிக் கொடுத்துவிடுகிறது. இயற்கையில் குளோரின் அணுக்கள் இரு வகை. நான்கில் மூன்று பங்கின் எடை 35, எஞ்சியவற்றின் எடை 37. ஆகவே 238-இல் ஓர் உயரமான கோடும், 240-இல் அதன் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள கோடும் அருகருகே நிற்கும். அந்த இரட்டைக் கோட்டைக் கண்டதும், மூலக்கூறுக்குள் ஒரு குளோரின் உண்டு என்று வேதியியலாளர் கூறிவிடுவார். கடத்தப்படும் மெத்தாம்பெட்டமைனும் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரைடு உப்பாகவே இருப்பதால் அதிலும் குளோரின் உண்டுதான். ஆனால் அது வெளியே ஒட்டிக்கொண்டிருப்பது. கருவிக்குள் நுழையும்போதே பிரிந்துவிடும். மூலக்கூறின் உள்ளே பிணைந்த குளோரின் மட்டுமே திரைக்கு வந்து சேர்கிறது.

கேட்டமைன் வழக்குகளில் மற்றொரு சிக்கல், அது மருத்துவமனைப் பொருள் என்பது. 1962-இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட இம்மயக்க மருந்து, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளது. கால்நடை மருத்துவர்களும் பயன்படுத்துகின்றனர். இந்தியாவில் 2011 பிப்ரவரியில்தான் இது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இரட்டையர்கள்

149 என்ற எண் கிடைத்துவிட்டால் மெத்தாம்பெட்டமைன் என்று எழுதிவிடலாமா? கூடாது. அதற்குக் காரணம் ஃபென்டர்மைன் என்ற மருந்து. உடல் பருமனைக் குறைக்க அமெரிக்காவில் 1959 முதல் மருத்துவர் சீட்டின் பேரில் வழங்கப்படுவது. அதிலும் 10 கார்பன், 15 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன். எடையில் அணுவளவும் வேறுபாடு இல்லை. அணுக்கள் இணைந்துள்ள வரிசை மட்டுமே வேறு. இவற்றை வேதியியலில் மாற்றியங்கள் என்பர். 1971-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையில் மெத்தாம்பெட்டமைன் கடுமையான இரண்டாம் பட்டியலில் இருக்க, ஃபென்டர்மைன் நான்காம் பட்டியலில் உள்ளது. சட்டத்தின் பார்வையில் இரண்டும் வெவ்வேறு. தராசின் பார்வையில் ஒன்றே.

எடையை எத்தனை துல்லியமாக அளந்தாலும் இந்தச் சிக்கல் தீராது. கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் வாயுவும் தோராயமாக 28 எடையுள்ளவை. நான்கு தசம இடங்கள் வரை அளந்தால் 27.9949, 28.0061 என்று பிரிந்துவிடும். ஏனெனில் அவற்றின் அணுக்கள் வேறு. மாற்றியங்களில் அணுக்களே ஒன்று என்பதால் எத்தனை தசம இடங்கள் போனாலும் ஒரே எண்தான் வரும்.

அடுத்த வழி, மூலக்கூறை உடைத்து அதன் துண்டுகளை எடை போடுவது. ஆய்வகங்களில் பரவலாக உள்ள பழைய வகைக் கருவியில் எலெக்ட்ரான் கற்றையால் மோதி உடைக்கின்றனர். மெத்தாம்பெட்டமைனில் 58, 91 ஆகிய துண்டுகள் முக்கியமாகத் தெரியும். ஃபென்டர்மைனிலும் அதே 58, 91. இங்கும் இரட்டையர்கள் ஏமாற்றுகின்றனர். மென்மையாக மின்னேற்றி, பின்னர் உடைக்கும் புதிய வகைக் கருவியில்தான் வேறுபாடு தலைகாட்டுகிறது. 150-இலிருந்து மெத்தாம்பெட்டமைன் 31 எடையுள்ள மெத்தில் அமைனை இழந்து 119 ஆகிறது. ஃபென்டர்மைன் 17 எடையுள்ள அம்மோனியாவை இழந்து 133 ஆகிறது.

வேடிக்கை என்னவென்றால், கோடிக்கணக்கில் விலையுள்ள கருவி தடுமாறும் இவ்விடத்தில் சில ரூபாய் மதிப்புள்ள சைமன் கரைசல் வழி காட்டுகிறது. மெத்தாம்பெட்டமைனுக்கு நீல நிறம் தரும் அக்கரைசல் ஃபென்டர்மைனுக்கு அந்நிறத்தைத் தருவதில்லை. எளிய சோதனை என்பதற்காக அதைப் புறக்கணிக்க முடியாது.

ஆகவேதான் ஒரே ஒரு சோதனையை நம்பி முடிவு கூறக்கூடாது என்பது உலகெங்கும் தடயவியலாளர் ஏற்றுக்கொண்ட நெறி. நிறைமாலைமானிக்கு முன்னால் வாயு நிறப்பிரிகைக் கருவியைப் பொருத்துவது இதனால்தான். நீண்ட மெல்லிய குழாய் வழியே பொருள் ஊர்ந்து வர எடுத்துக்கொள்ளும் நேரம் மாற்றியத்துக்கு மாற்றியம் வேறுபடும். எடையும், துண்டுகளும், நேரமும் சான்று மாதிரியோடு ஒத்துப்போனால்தான் பெயர் எழுதப்படும். அகச்சிவப்பு நிறமாலை இருந்தால் இன்னும் வலு.

ஓர் ஆக்சிஜன் தொலைவு

மெத்தாம்பெட்டமைனின் மூதாதை ஒரு செடி. எபிட்ரா என்னும் புதர்ச்செடியிலிருந்து எபிட்ரின் என்ற சேர்மத்தை 1885-இல் பிரித்தெடுத்தவர் ஜப்பானிய வேதியியலாளர் நகாய் நாகயோஷி. அதிலிருந்து மெத்தாம்பெட்டமைனை 1893-இல் உருவாக்கியவரும் அவரே. எபிட்ரினின் எடை 165. அதனுடைய மாற்றியமான, சளி மாத்திரைகளில் பயன்படும் சூடோஎபிட்ரினின் எடையும் 165. இவற்றிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவை, அதாவது 16-ஐக் கழித்தால் 149. மூக்கடைப்பு மருந்துக்கும் கொடிய போதைக்கும் இடையே உள்ள தொலைவு இவ்வளவுதான்.

2024 பிப்ரவரியில் தில்லியில் மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவும் தில்லி காவல் துறையும் இணைந்து 50 கிலோ சூடோஎபிட்ரினைக் கைப்பற்றி, தமிழகத்தைச் சேர்ந்த மூவரைக் கைது செய்தன. சத்துமாவுக் கலவையிலும் தேங்காய்த் துருவல் பொடியிலும் மறைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டதாக அப்போது தெரிவிக்கப்பட்டது. மாவுச்சத்து, கொழுப்பு, சர்க்கரை என நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளுக்கு இடையே 165 என்ற ஒன்றைத் தேடி எடுக்க உரைகல் போதாது. நிறப்பிரிகையும் நிறைமாலையும் இணைந்த கருவி இன்றியமையாததாவது இத்தகைய கலவைகளில்தான்.

கடல் தரும் மருந்துகளும் அதே தராசில்

அந்தமான் நிகோபார் தீவுகளின் மூலக்கூறுகள் நிறைமாலைமானிக்குள் நுழைந்தது போதைக் கடத்தலால் அல்ல. அதற்கு வெகு முன்பே அவை ஆய்வாளரின் மேசைக்கு வந்துவிட்டன. இத்தீவுகளின் கரையோரங்களில் சேகரிக்கப்பட்ட மென்பவளங்களை விசாகப்பட்டினத்திலுள்ள ஆந்திரப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் பல்லாண்டுகள் ஆராய்ந்து, அவற்றிலிருந்து பல சேர்மங்களைப் பிரித்து ஆய்விதழ்களில் வெளியிட்டனர். ஓடோ முள்ளோ இல்லாத இவ்வுயிரினங்கள் பகைவரிடமிருந்து தப்ப நச்சு வேதிப்பொருள்களையே கவசமாகக் கொண்டவை. மருந்துக்கான தேடல் அங்கே தொடங்குவது இயல்பு.

அங்கும் முதல் கேள்வி எடைதான். ஒரு சாற்றில் 272 என்ற எண் தெரிந்தால், முன்பே பிறர் கண்டறிந்த சேர்மங்களின் பட்டியலில் அந்த எண் உண்டா என்று முதலில் பார்க்கின்றனர். பழையதையே மீண்டும் கண்டுபிடித்து ஆண்டுகளை வீணாக்காமல் இருக்க இது உதவுகிறது. ஆனால் 20 கார்பனும் 32 ஹைட்ரஜனும் கொண்டு 272 எடையுள்ள இயற்கைச் சேர்மங்கள் ஏராளம். எது எது என்று பிரித்தறிய அணுக்காந்த ஒத்ததிர்வு போன்ற வேறு முறைகளை நாட வேண்டும். போதை வழக்கின் ஃபென்டர்மைன் சிக்கல் இங்கே நூறு மடங்கு.

கருவிக்கு முன்னரே மூலக்கூறுகளை அறிந்தவர்களும் இத்தீவுகளில் உண்டு. லிட்டில் அந்தமானில் நூற்றைச் சற்றே கடந்த எண்ணிக்கையில் வாழும் ஓங்கே மக்கள், மலைத்தேனீக்களின் கூட்டை அணுகும் முன் ஏலக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச் செடியை மென்று, அதன் சாற்றை உடலில் பூசித் தேனீக்களின் மேலும் உமிழ்கின்றனர். தேனீக்கள் விலகிச் செல்கின்றன. தாவரவியலாளர்கள் இதை 1980-களில் ஆய்விதழ்களில் பதிவு செய்தனர். இத்தகைய அறிவிலிருந்து பிறக்கும் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோருவோர், 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி சென்னையில் தலைமையகம் கொண்ட தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தை அணுக வேண்டும். பெயரிடப்படாத ஒரு மூலக்கூறு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு நிறைமாலைமானியிடம் விடை இல்லை.

ஒரு வரி, இருபது ஆண்டு

நீதிமன்றத்துக்குத் திரும்புவோம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ், மெத்தாம்பெட்டமைன் 2 கிராம் வரை சிறு அளவு. 50 கிராமைக் கடந்தால் வணிக அளவு. கேட்டமைனுக்கு இவை 10 கிராம், 500 கிராம். வணிக அளவுக்குக் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல். ஜாமீன் கிடைப்பதும் அரிது. அந்தமானில் 2024-இல் சிக்கியதாகக் கூறப்படும் 6,000 கிலோ, வணிக அளவைப் போல ஒரு லட்சத்து இருபதாயிரம் மடங்கு. அவ்வழக்கில் அளவு பற்றிய வாதத்துக்கு இடமில்லை. பொருள் எது என்பது மட்டுமே கேள்வி.

உச்ச நீதிமன்றம் 2020-இல் வழங்கிய இரு தீர்ப்புகள் இக்கேள்வியின் கனத்தை மேலும் கூட்டின. ஏப்ரல் மாதத் தீர்ப்பில் (ஹீரா சிங் வழக்கு), போதைப்பொருளோடு கலந்துள்ள மாவு, சர்க்கரை போன்றவற்றையும் சேர்த்த மொத்த எடையே கணக்கு என்று கூறப்பட்டது. 2008-ஆம் ஆண்டின் முந்தைய தீர்ப்பு, தூய போதைப்பொருளின் எடையை மட்டுமே கணக்கிட்டது. ஆக, ஒரு கிலோ மாவில் சிறிதளவே கலந்திருந்தாலும், அது இன்ன பொருள் என்று ஆய்வகம் கூறிவிட்டால் முழுக் கிலோவும் அவர் தலையில் விழும். அக்டோபரில் வந்த தீர்ப்பு தமிழகத்திலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில். விசாரணை அதிகாரிகளிடம் இச்சட்டத்தின் கீழ் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று அதில் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். வாக்குமூலம் விலகிய இடத்தில் வேதியியல் வந்து அமர்ந்திருக்கிறது.

ஆய்வகத்துக்குச் செல்லும் மாதிரி எப்படி எடுக்கப்படுகிறது என்பதும் அதே அளவு முக்கியம். 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, குற்றவியல் நடுவர் முன்னிலையில், இரட்டை மாதிரிகளாக, ஒவ்வொன்றும் 5 கிராமுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். ஒரே மாதிரியான பொட்டலங்களைப் பத்துப் பத்தாகத் தொகுக்கலாம். 3,000 பொட்டலங்கள் என்றால் 300 தொகுப்புகள், 600 மாதிரி உறைகள். ஒவ்வொன்றிலும் முத்திரை, எண், கையொப்பம். சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கடல்வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள, கொல்கத்தா உயர் நீதிமன்ற அதிகார வரம்புக்குட்பட்ட இத்தீவுகளில், ஓர் உறையின் முத்திரை கலைந்திருந்தாலும் வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி, கருவிக்குள் சென்றது படகிலிருந்த பொருள்தானா என்பதே. நடைமுறைத் தவறு ஒன்றாலேயே வழக்கு முறிந்துவிடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆயினும் பொருளைப் பற்றிய ஐயம் எழுமானால் அதன் பயன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே.

அரசு அறிவியல் வல்லுநரின் அறிக்கையை, அவரைக் கூண்டில் ஏற்றாமலேயே சாட்சியமாக ஏற்கலாம் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இவ்வசதி தொடர்கிறது. நீதிமன்றம் விரும்பினால் வல்லுநரை அழைத்து விசாரிக்கலாம். அப்படி அழைக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் பல: எத்தனை முறைகளில் சோதித்தீர்கள், சான்று மாதிரியோடு ஒப்பிட்டீர்களா, ஃபென்டர்மைன் அல்ல என்பதை எதைக் கொண்டு உறுதி செய்தீர்கள். '150 என்ற எண் வந்தது' என்பது மட்டும் இவற்றுக்கு விடையாகாது.

அறிக்கையில் நம்பிக்கை இல்லாதவர் மறுசோதனை கேட்கலாமா? 2013 ஜனவரியில் தானா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு எல்லை வகுத்தது. மிக விதிவிலக்கான சூழலில் மட்டுமே மறுசோதனை. அதற்கான மனுவை அறிக்கை கிடைத்த 15 நாள்களுக்குள் அளிக்க வேண்டும். எபிட்ரின், ஃபென்டர்மைன் என்ற பெயர்களையே கேட்டறியாத ஒருவர், அயல்நாட்டில், தமக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட ஒரு பக்க அறிக்கையை வழக்கறிஞர் மூலம் படித்தறிந்து, அதில் எந்தச் சோதனை விடுபட்டுள்ளது என்பதைக் கண்டு முறையிட அவருக்குள்ள அவகாசம் அந்த 15 நாள்களே.